ஜெபா கண்டுபிடித்த கோளாறு

மறைமலை நகர் பக்கம், கார்களுக்கான ஒயர் கட்டுகளைச் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஜெபா எட்டு வருடம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாள். முதல் ஐந்து வருடம் ஒயர் கட்டினாள். கடைசி மூன்று வருடம் சோதனை மேசை. ஒயரின் முனையில் நெல்மணி அளவில் ஒரு பித்தளைப் பின் இருக்கும். அது பிளாஸ்டிக் கப்ளருக்குள் போய் டிக் என்று உட்கார வேண்டும். சரியாக உட்காராத ஒரு பின் போதும், எங்கேயோ ஒரு கார் நடுரோட்டில் நின்றுவிடும். ஒரு ஷிப்டுக்கு அறுநூறு கப்ளர்களை இழுத்துப் பார்த்து அனுப்புவாள். மூன்று வருடத்தில் அவள் மேசையைத் தாண்டி ஒன்றும் தப்பிப் போகவில்லை என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார்.

ஒரு திங்கட்கிழமை கேட்டில் அட்டையைத் தேய்த்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. அவளுக்கு மட்டுமல்ல, வரிசையில் நின்ற நாற்பது பெண்களுக்கும் அதே சிவப்பு விளக்கு. வேலை போனதை யாரும் வாயால் சொல்லவில்லை.

அவள் கணவன் ஜோஷ்வா சிறுசேரி ஐ.டி. ஆபீஸ்களுக்கு ஷட்டில் வேன் ஓட்டுகிறவன். அந்த வேன் ஒருநாள் ஸ்டார்ட் ஆகாமல் நின்றது. இரண்டு ஒர்க்‌ஷாப்பில் பார்த்தும் பிடிபடவில்லை. ஜெபா பானெட்டைத் திறந்து, கப்ளர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, அரைமணி நேரத்தில் கோளாறைப் பிடித்தாள். அன்றைக்கு ஆரம்பித்த தொழில் இது. பழைய ஸ்கேனர் ஒன்றும் மீட்டர் ஒன்றும் வாங்கி, ஸ்கூட்டரின் முன்னால் பெட்டியை வைத்துக்கொண்டு, தையூரிலிருந்து கிளம்பி நாவலூர், சிறுசேரி அடுக்ககங்களுக்குப் போய்வர ஆரம்பித்தாள். அந்த அடுக்ககங்கள் நிற்கிற நிலத்தில் அவள் அம்மா செல்லம்மா கூலிக்கு நடவு நட்டிருக்கிறாள். ஜெபா அதை நினைத்துப் பார்த்ததில்லை. பேஸ்மென்ட்டில் போனுக்கு சிக்னல் கிடைக்காததுதான் அவளுக்குக் குறை.

கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் அதிகம். கோளாறைக் கண்டுபிடித்துவிட்டால் அதை நாலு பேருக்குச் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. "ரெண்டு பேரு பாத்துட்டுப் போனாங்கன்ன இல்ல? பாரு, இத்துனூண்டு ஒயரு" என்று வண்டிக்காரரின் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டுவாள். ஆம்பிளை மெக்கானிக்குகளுக்கு அது பிடிக்காது. அவர்களுக்குப் பிடிக்காதது அவளுக்குப் பிடித்திருந்தது.

கவியா முதன்முதலில் கூப்பிட்டது பிப்ரவரி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. நாவலூரில் பதினான்கு மாடி அடுக்ககம். கவியாவுக்கு முப்பது வயதிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டவள். இப்போது மறுபடியும் வேலை தேடிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பத்து மணிக்கு சிறுசேரியில் இன்டர்வியூ. சிவப்பு நிறச் சின்ன கார், அவள் அப்பா சாவதற்கு முந்தின வருடம் வாங்கிக் கொடுத்தது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றியது, இன்ஜின் எடுக்கவில்லை.

ஜெபா காதை வைத்துக் கேட்டாள். பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தம் வந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள், பொறி இல்லை. ஃபியூஸ் பெட்டியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. இக்னிஷன் ஃபியூஸ் எரிந்து கறுத்திருந்தது. புதியதைப் போட்டதும் வண்டி ஓடியது. மற்ற ஃபியூஸ்கள் எல்லாம் கம்பெனியில் போட்ட பழையவை. எரிந்தது மட்டும் கடை ஃபியூஸ். அது அவள் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

அப்போதுதான் கவியாவின் கணவன் பரணிதரன் லிஃப்டிலிருந்து காபி கப்போடு வந்தான். ஈரோட்டுப் பக்கத்துக்காரன், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். ரொம்ப மெதுவாகப் பேசுவான்.

"சரியாயிடுச்சுங்களா? பாவம், இவ நேத்திலிருந்து இதுக்குத்தான் தயார் பண்ணிட்டிருந்தா. போயிட்டு வா கவி. மணி பத்தரை ஆச்சு, இருந்தாலும் போய்ப் பாரு. எதுக்கும் முன்னாடியே கிளம்பணும்னு நான் சொல்றதுண்டுங்க. கேக்கறதில்ல."

கவியா போனாள். உள்ளே விடவில்லை என்று பிறகு ஜெபாவுக்குத் தெரிந்தது.

இரண்டாவது தடவை ஏப்ரலில். மறுபடியும் ஒரு இன்டர்வியூ, மறுபடியும் அதே கதை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஸ்கேனரை மாட்டி செல்ஃப் அடிக்கச் சொன்னாள். இன்ஜின் சுற்றும் வேகம் திரையில் பூஜ்யம் காட்டியது. இன்ஜின் சுற்றுவதை கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சார் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அது பேசாவிட்டால் காயிலுக்குக் கரண்ட் போகாது, பிளக்கில் பொறி வராது. ஜெபா வண்டிக்கு அடியில் படுத்து, சென்சாரைக் கழற்றி, கேளம்பாக்கத்திலிருந்து புதியதை வாங்கிவந்து மாட்டினாள். கப்ளரைச் சொருகியதும் ஒரே அடியில் எடுத்தது. இன்டர்வியூ நேரம் முடிந்திருந்தது.

"விடு கவி" என்றான் பரணிதரன். "அந்த வண்டிக்கும் உனக்கும் ராசியில்ல."

வீட்டுக்கு வந்து, கழற்றிய பழைய சென்சாரை ஜெபா மீட்டரில் வைத்துப் பார்த்தாள். சென்சார் நன்றாக இருந்தது. இரும்பை அதன் முன்னால் அசைத்தால் மீட்டர் முள் துள்ளியது. ஆக, கப்ளர்தான் சரியாகச் சொருகாமல் இருந்திருக்கிறது. புதியதை மாட்டும்போது அவளே அதை அழுத்திச் சொருகியிருக்கிறாள், வண்டி எடுத்திருக்கிறது. நல்ல பாகத்தை எடுத்துவிட்டுப் புதியதைத் தலையில் கட்டியிருக்கிறோம். போன் பண்ணிச் சொல்லலாம் என்று நினைத்தாள். வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை. பழைய சென்சாரை ஒரு கவரில் போட்டுப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவை மே மாதம். வாட்ச்மேன் மோகனின் போனிலிருந்து கவியா பேசினாள். குரல் உடைந்திருந்தது.

"ஜெபா, உடனே வாங்க. எங்க அம்மா ஊரப்பாக்கத்துல பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. வண்டி எடுக்க மாட்டேங்குது."

ஜெபா போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. கவியா கலைந்த தலையோடு பேஸ்மென்ட்டில் நின்றிருந்தாள். அவள் போன் ரிப்பேர் என்று பரணிதரன் வாங்கி வைத்து நான்கு நாள் ஆகிறது. அவன் போனில் கேப் புக் செய்கிறான், ஒவ்வொன்றாக கேன்சல் ஆகிக்கொண்டே இருக்கிறது. மாடியிலிருந்து மோகனுக்குப் போன் போட்டு, இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"ஜெபா, வண்டி கிடக்கட்டும். உங்க ஸ்கூட்டர்ல என்னைக் கொண்டுபோய் விட்டுடுறீங்களா?"

ஜெபா ஏற்கெனவே ஸ்கேனரை மாட்டியிருந்தாள். திரையில் மறுபடியும் பூஜ்யம். ஒரு மாதம் முன்பு அவள் கையால் மாட்டிய புது சென்சார்.

"பத்து நிமிசம் குடுக்கா. இத்த வுட்டா நாளைக்கும் இதே பேஜாரு. ஸ்கூட்டர்ல போனா ஒன்றரை அவர் ஆவும். கார்ல சல்லுனு பூடலாம்."

உண்மையில் அவளுக்கு வேண்டியது அந்தப் பூஜ்யத்துக்கான பதில். மூன்றாவது தடவையாக இந்த வண்டி தன்னை முட்டாளாக்குவதை அவளால் தாங்க முடியவில்லை.

அடியில் படுத்தாள். சென்சாரை மீட்டரில் பார்த்தாள், நன்றாக இருந்தது. கப்ளர் இந்தத் தடவை இறுக்கமாகவே சொருகியிருந்தது. ஒயரின் பின்பக்கம் ஊசியைக் குத்திப் பார்த்தால் கரண்ட் இருந்தது, கப்ளரின் வாயில் இல்லை. அந்த ஒயரைப் பிடித்து மெல்ல இழுத்தாள். பின்னோடு சேர்ந்து ஒயர் கையோடு வந்துவிட்டது.

அறுநூறு அறுநூறாக அவள் இழுத்துப் பார்த்தவை அந்தப் பின்கள். கப்ளருக்குள் ஒரு பூட்டு இருக்கும். அதைக் கூர்மையான எதனாலாவது நெம்பினால் ஒழிய பின் வெளியே வராது. டார்ச் அடித்துப் பார்த்தாள். பூட்டின் ஓரத்தில் புதுக் கீறல்கள், வெள்ளையாக. பின்னைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிட்டு, வெளியே தெரியாதபடி கப்ளரைத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். ஏப்ரலில் கப்ளரை மட்டும் தளர்த்திப் பார்த்திருக்கிறார்கள். பிப்ரவரியில் எரிந்த ஃபியூஸை வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். தடவைக்குத் தடவை வேலை தேறியிருந்தது.

போட்டோ எடுத்துக்கொண்டு, பூட்டை நிமிர்த்தி, பின்னை உட்காரவைத்து, வெளியே வந்தபோது மணி பத்து ஐம்பது. பத்து நிமிடம் என்று சொன்னது ஐம்பது நிமிடமாகியிருந்தது.

"யக்கா, இது தானா போவல. யாரோ நெம்பி வுட்டுருக்காங்க. இதுக்கு முன்னாடி ஆனதும் அப்டித்தான்."

கவியா ஆச்சரியப்படவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி எடுத்தது.

"தெரியும்" என்றாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அவர்கிட்ட கண்டிப்பா சொல்லிடாதீங்க. கும்பிட்டுக் கேக்கறேன்."

"போகாதன்னு வாயால சொல்ல மாட்டாரா அந்தாளு?"

"ஒருநாளும் சொன்னதில்ல. போ போன்னுதான் சொல்வார்."

கார் சரிவில் ஏறி மறைந்தது. ஜெபா சாமான்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது பரணிதரன் வந்தான். காலியாக இருந்த இடத்தைப் பார்த்தான்.

"எடுத்துடுச்சுங்களா? பரவால்லயே. என்ன கோளாறும்மா?"

சும்மா இருந்திருக்கலாம். சென்சார் என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஐம்பது நிமிடம் அடியில் கிடந்து அவள் கண்டுபிடித்த கோளாறு அது. அதைச் செய்தவன் எதிரே நின்று அவளையே கேட்கிறான்.

"பின்னு தானா வெளிய வராது சார். லாக்க நெம்பினாதான் வரும். எட்டு வருசம் இந்த வேலதான் பாத்துகினு இருந்தேன், எனக்குத் தெரியாதா? போட்டோ புடிச்சி வெச்சிகீறேன். இன்னொருவாட்டி ஆச்சினா நான் சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுவேன்."

பரணிதரனின் முகம் மாறவில்லை. "நல்லா வேலை தெரிஞ்சிருக்குதும்மா உங்களுக்கு" என்றான். லிஃப்டுக்குள் போனான்.

கவியா செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. அம்மா பதினொன்றே முக்காலுக்கு இறந்திருந்தாள். கடைசி அரைமணி நேரம் மகளின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் சொன்னார்கள்.

மோகன் போன் பண்ணி இதைத் தெரிவித்தபோது ஜெபா படூரில் வேறொரு வண்டியில் இருந்தாள். பத்து மணிக்கே ஸ்கூட்டரில் கிளம்பியிருந்தால் பதினொன்றரைக்கு அங்கே இருந்திருக்கலாம். அந்தக் கணக்கை அவள் அன்றைக்குப் போட்டாள். பிறகு எத்தனையோ நாள் போட்டாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கால்மணி நேரம் மிச்சமிருந்தது.

மூன்று வாரம் கழித்து அடுக்ககச் சங்கத்திலிருந்து செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு கிளப் ஹவுஸுக்கு வரவும், கார் சர்வீஸ் சம்பந்தமாகப் பேசவேண்டும் என்று எழுதியிருந்தது. முந்நூறு வீடு, நானூறு கார். வருட ஒப்பந்தமாக இருக்கும் என்று நினைத்தாள். ஜோஷ்வாவும் அப்படித்தான் நினைத்தான். இஸ்திரி போட்ட சுடிதாரைப் போட்டுக்கொண்டு, ஸ்கேனரைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே முப்பது பேர் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு நாற்காலி போடவில்லை. சங்கத் தலைவர் நரசிம்மன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு தாளைப் படித்தார். பி பிளாக் பரணிதரன் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறார். ஜெபா நல்ல பாகங்களைத் திருடிவிட்டு, அடிக்கடி வண்டி நிற்கும்படி செய்து தனக்கு வேலை தேடிக்கொள்கிறாள் என்று புகார். கேமரா பதிவில் அவள் ஐம்பது நிமிடம் வண்டிக்கு அடியில் இருப்பது தெரிகிறது.

"ஐயா, நான் போட்டோ வெச்சிகீறேன். நீங்களே பாருங்க." போனை நீட்டினாள். போன் கைமாறிப் போயிற்று. ஒயர், அழுக்கு, ஒரு பித்தளைத் துணுக்கு. அதைப் பார்த்தவர்கள் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"இதை நீங்களே கழட்டிட்டு நீங்களே போட்டோ எடுத்திருக்கலாமில்லீங்களா?" என்றான் பரணிதரன். "நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். ஏப்ரல்ல ஒரு சென்சார் மாத்தினீங்களே, பழசு எங்கீங்க?"

"எம் பொட்டியில கீது."

"அது கெட்டுப் போயிருந்துதுங்களா?"

 கெட்டுப்போயிருந்தது என்று சொன்னால் அங்கே யாருக்கும் சோதித்துப் பார்க்கத் தெரியாது.

"இல்ல. நல்லாதான் இருந்துச்சி. அது எனக்கு அப்பறந்தான் தெரிஞ்சிது."

அறையில் ஒரு முனகல் எழுந்தது. பின்வரிசையில் யாரோ, "இந்தக் காலனி ஆளுங்களை உள்ள விட்டதே தப்பு" என்றார்கள். யார் என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. நரசிம்மன் அந்தப் பேச்சைக் கண்டிக்கவில்லை, காதில் விழாததுபோல் தாளைப் புரட்டினார்.

"கவியாக்காவக் கேளுங்க" என்றாள் ஜெபா. "அவங்களுக்கு எல்லாம் தெரியும்."

கவியா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். இடது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். எல்லாரும் திரும்பியதும் எழுந்து நின்றாள். பரணிதரன் அவளைப் பார்க்கவே இல்லை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவங்க கை வச்சதுக்கு அப்புறம்தான் வண்டி அடிக்கடி நின்னுது" என்றாள் கவியா. "அன்னைக்கு என்னை ஸ்கூட்டர்ல கொண்டு போய் விடுங்கன்னு கேட்டேன். விடல. வேலையை முடிச்சாத்தான் ஆகும்னு நிறுத்தி வச்சாங்க. எங்க அம்மாவை நான் பாக்கல."

முதல் வாக்கியம் பொய். மற்றதெல்லாம் நிஜம். ஜெபா போனைத் திரும்ப வாங்கினாள். ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கேட்டில் மோகன் தலையைக் குனிந்துகொண்டு பதிவேட்டை நீட்டினான். வெளியேறும் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் அவள் போட்டோவும் ஸ்கூட்டர் நம்பரும் வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்ற ஆரம்பித்தன. 'இந்தப் பெண்ணை உங்கள் அடுக்ககத்துக்குள் விடாதீர்கள். பாகம் திருடுகிறவள்.' நாவலூரிலிருந்து படூர், படூரிலிருந்து சிறுசேரி, கேளம்பாக்கம். பத்து நாளில் போன் வருவது நின்றுவிட்டது. வேன் ஒப்பந்தக்காரர் ஜோஷ்வாவைக் கூப்பிட்டு, "இது உன் பொண்டாட்டியா?" என்று போட்டோவைக் காட்டிக் கேட்டார். வேலையைவிட்டு எடுக்கவில்லை. கேட்டதோடு சரி. வேனில் வருகிற ஆபீஸ் பெண்கள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வதாக ஜோஷ்வாவுக்குத் தோன்றியது. உண்மையிலேயே வைத்துக்கொண்டார்களா என்று அவனுக்கே தெரியாது.

"நீ பின்னக் கண்டுபுட்ச்ச, சரி" என்றான் அவன். "அந்தாளுகிட்ட போயி இன்னாத்துக்குச் சொன்ன? வாய வெச்சிகினு சும்மா இர்ந்துருக்கலாம் இல்ல?"

 மூன்று நாள் ஜெபா அவனோடு பேசாமல் இருந்தாள்.

ஓ.எம்.ஆர். சாலையில் இனி பிழைக்க முடியாது என்று தெரிந்ததும், மாமல்லபுரத்துக்கு முன்னால் பூஞ்சேரியில் பஞ்சர் கடை ஒன்றின் ஓரத்தில் தகரம் போட்டு உட்கார்ந்தாள். அங்கே வருவது சுற்றுலா வண்டிகள். பெங்களூர், ஆந்திரா. யாரும் இரண்டாவது தடவை வருவதில்லை, யாருக்கும் யாரையும் தெரியாது. கடல்காற்று ஒயர்களைத் தின்றுவிடும். கப்ளரைத் திறந்தால் பின்களில் பச்சையாகப் பூத்திருக்கும். உப்புத்தாளால் சுரண்டி, துடைத்து, மாட்டிக் கொடுப்பாள். கண்டுபிடித்த கோளாறைத் தூக்கிக் காட்டுவதை விட்டுவிட்டாள். "சரியா பூட்ச்சி, எடுங்க" என்பதோடு சரி.

ஜனவரியில் ஒரு மத்தியானம் கவியா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். ஜெபா ஒரு காரின் பேட்டரியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். இறக்கி வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"இன்னா?"

கவியா இடது கையை நீட்டினாள். நடுவிரலும் மோதிரவிரலும் கோணலாக ஒட்டியிருந்தன. மடக்க வரவில்லை.

"நீங்க அவர்கிட்ட சொல்லிட்டுப் போன மறுநாள். அம்மாவை எரிச்சுட்டு வந்து இறங்கியிருக்கேன். பேஸ்மென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். பின் எங்க இருக்குன்னு காட்டுன்னார். பானெட்டைத் திறந்து, கையை அந்த விளிம்புல வைக்கச் சொன்னார். மெதுவாத்தான் மூடினார். மெதுவா மூடிட்டு, அது மேல உக்காந்துட்டார். சங்கத்துல புகார் கொடுக்கப் போறேன்னு சொல்லி, மீட்டிங்ல நான் என்ன பேசணும்னு அங்கயே சொல்லிக் கொடுத்தார்."

பஞ்சர் கடையில் காற்றடிக்கும் மோட்டார் ஓடி நின்றது. 

"சொல்லாதீங்கன்னு கும்பிட்டுக் கேட்டேன் ஜெபா."

"கேட்ட."

 மன்னிப்பு கேட்க வேண்டியது யார் என்று இருவருக்குமே தெரியவில்லை, அதனால் யாரும் கேட்கவில்லை. கவியா இப்போது ஊரப்பாக்கத்தில் அம்மாவின் வீட்டில் இருக்கிறாள். செங்கல்பட்டு கோர்ட்டில் விவாகரத்து வழக்குப் போட்டிருக்கிறாள். வண்டியில் கைவைத்தது யார் என்று சொல்ல ஜெபாவைத் தவிர வேறு சாட்சி இல்லை.

"நீங்க வந்து சொன்னா எல்லாம் வெளிய வந்துடும். அன்னைக்கு நான் சொன்னது பொய்னு நானும் அங்கயே சொல்லிடறேன். எழுத்துல இருக்கும்."

"வரேன்" என்றாள் ஜெபா. அந்த விரல்களுக்காக வரேன் என்று சொன்னாளா, எழுத்தில் இருக்கும் என்பதற்காகச் சொன்னாளா என்று கேட்டால் இரண்டும்தான். அன்றைக்கு ஜோஷ்வாவிடம் சொன்னபோது, "எல்லாத்தையும் பிரிண்ட் எட்த்து குரூப்ல போடணும்" என்றான் அவன். இரண்டு பேரும் வெகுநாளுக்குப் பிறகு சிரித்தார்கள்.

விசாரணை மார்ச்சில் வந்தது. ஜெபா காலை ஒன்பதரைக்கே போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் போன், பழைய சென்சார், பின்னோடு கூடிய ஒரு கப்ளர். நீதிபதிக்குப் புரியவேண்டும் என்று கப்ளரைப் பாதியாக அறுத்து எடுத்து வந்திருந்தாள். பூட்டு எப்படி இருக்கும், எப்படி நெம்பினால் பின் வரும் என்று சொல்வதற்குத் தனக்குள் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தாள். இன்னா, கீது என்று சொல்லிவிடக்கூடாது என்பதற்காக ஜோஷ்வாவை எதிரே உட்காரவைத்துப் பழகியிருந்தாள்.

பதினொரு மணிக்குக் கவியாவும் அவள் வக்கீல் கண்ணகியும் உள்ளே போனார்கள். ஒரு மணிக்கு வெளியே வந்து, பரணிதரனின் வக்கீலோடு மாடிப்படி ஓரம் நின்று பேசினார்கள். மறுபடி உள்ளே போனார்கள். ஜெபா சாப்பிடப் போகவில்லை. கூப்பிடும்போது ஆள் இல்லாமல் போய்விடக்கூடாது.

இரண்டரை மணிக்குக் கவியா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"முடிஞ்சுடுச்சு ஜெபா. சம்மதிச்சுட்டார். ரெண்டு பேரும் சேர்ந்து மனு கொடுத்துப் பிரிஞ்சுக்கறோம். இனிமே இழுத்தடிக்க மாட்டார். நீங்க உள்ள வரவே வேணாம்."

"நான் சொல்ல வாணாமா?"

கண்ணகிதான் விளக்கினாள். "ஒருத்தர் மேல ஒருத்தர் சொன்ன குற்றச்சாட்டை எல்லாம் வாபஸ் வாங்கிட்டாங்கம்மா. இந்த மாதிரி கேஸ்ல அதுதான் வழி. இல்லைன்னா நாலஞ்சு வருஷம் ஓடும். இனிமே வண்டியைப் பத்தி, கையைப் பத்தி ரெண்டு பக்கமும் எங்கயும் பேசக் கூடாது."

ஜெபா கவியாவைப் பார்த்தாள். "அப்போ எம்பேரு?"

"என்ன பேரு?" என்றாள் கவியா. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. பத்து மாதத்தில் முதல்தடவையாக மூச்சு விடுகிறவளின் முகம் அது. ஒரு வினாடி கழித்துப் புரிந்தது. கை தளர்ந்தது. "அதை... ஜெபா, நான் இப்ப அந்த குரூப்ல ஏதாவது எழுதினா அவர் திரும்ப ஆரம்பிச்சுடுவார். உங்களுக்கே தெரியும் அவரை."

தெரியும்.  அதனால் ஜெபாவால் அவளைத் திட்டவும் முடியவில்லை, சரி என்று சொல்லவும் முடியவில்லை.

பரணிதரன் படியிறங்கி வந்தான். இவர்களைத் தாண்டிப் போனவன், நின்று திரும்பினான்.

"நல்லா இருக்கீங்ளாம்மா? அந்த வண்டியை வித்துட்டமுங்க. ஒரு தொந்தரவும் இல்லாம ஓடுதாம்."

சிரித்துவிட்டுப் போனான். கவியாவின் உடம்பு விறைத்ததை ஜெபா தோளில் உணர்ந்தாள். பிறகு கவியா ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். ஜெபா மாமல்லபுரம் பஸ் ஏறினாள்.

பூஞ்சேரியில் அவள் தகரக்கொட்டகைக்கு முன்னால் ஒரு கார் நின்றிருந்தது. இன்ஜின் நடுங்கி நடுங்கி நின்றுவிடுகிறது என்றார் ஓட்டிவந்தவர். குடும்பத்தோடு கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள். ஜெபா ஸ்கேனரை மாட்டினாள். மூன்றாவது சிலிண்டரில் பொறி இல்லை. அந்தக் காயிலைக் கழற்றி இரண்டாவதோடு மாற்றிப் போட்டாள். கோளாறும் இரண்டாவதுக்கு மாறியது. காயில்தான் என்பதில் சந்தேகமில்லை.

காரிலிருந்து இறங்கிய பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து எதையோ தேடினாள். கணவனைத் தனியே கூப்பிட்டுக் காட்டினாள். ஜெபா நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்துகொண்டாள்.

அந்த மனிதர் திரும்பி வந்து, "பரவால்லம்மா, விடுங்க. நாங்க வேற ஆளைக் கூப்பிட்டுக்கறோம்" என்றார். பானெட்டுக்குள் குனிந்து, காயில்கள் தன்னுடையவைதானா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"காயில்தான் பூட்ச்சி சார். யார் வந்தாலும் அத்தத்தான் சொல்லுவாங்க."

அவர் போனில் வேறு மெக்கானிக்கைத் தேடினார். மாமல்லபுரத்திலிருந்து செல்வராஜ் என்ற மெக்கானிக் வர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அந்தக் குடும்பம் வெயிலில் காரின் நிழலைத் தேடித் தேடி நகர்ந்து நின்றது. ஜெபா காலையில் கட்டிக்கொண்டு போன சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டாள். தயிர் புளித்திருந்தது.

செல்வராஜ் அவளுக்குப் பழக்கமானவன். பானெட்டுக்குள் தலையைவிட்டு ஐந்து நிமிடம் பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு ரிஞ்ச் எடுக்க வருகிறவன்போலக் கொட்டகைக்குள் வந்து, "எது?" என்று கேட்டான்.

"மூணுல இர்ந்த காயிலு. மாத்திப் போட்டுட்டேன், இப்ப ரெண்டுல கீது" என்றாள் ஜெபா. பத்தாம் நம்பர் ரிஞ்சை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.